இரண்டாவது தீபம்

2022 கார்த்திகை தீபத்தன்று ரமண நகரில் நான் குடியிருக்கும் வீட்டின் மொட்டைமாடியில் ட்ரைபாடை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். சாயங்காலம் 6 மணிக்கு உச்சியில் தீபம் ஏறியது. செங்கம் சாலையிலிருந்து அரோகரா சத்தம் ஒரு சுவர் மாதிரி எழுந்து வந்தது. ஆசிரமத்து மயில்கள் பயந்து கத்தின. இருட்டு நன்றாகக் கவிந்தபிறகு நாற்பது படங்களுக்கு மேல் எடுத்தேன்.

ராத்திரி லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் எல்லாப் படங்களிலும் இரண்டு தீபம். மேலே இடப்பக்கம், உச்சியில் எரியும் மகாதீபம். கீழே வலப்பக்கம், ஆசிரமத்து மரங்களுக்கு மேலே வெறும் இருட்டில், கொஞ்சம் பச்சை கலந்து, தலைகீழாக இன்னொரு குட்டிச் சுடர். பிரசாதம் கொடுக்க வந்த வீட்டுக்கார அம்மா தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

“தம்பி, இது இன்னாபா? ஆசிரமத்து மேலயும் ஒண்ணு எரியுது?”

நான் வாயைத் திறப்பதற்குள் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். படத்தை அவர் போனுக்கு அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். மறுநாள் காலையில் அது ஏழெட்டு வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றிவிட்டு, ‘பகவான் சமாதிக்கு மேல் தோன்றிய ஜோதி’ என்ற தலைப்போடு எனக்கே திரும்பி வந்தது.

அந்த ஜோதியை நான் 350 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தேன். யு.வி. ஃபில்டர் என்பது அதன் பெயர்.

நடந்தது இதுதான். லென்ஸ் வழியாக உள்ளே போகும் வெளிச்சம் முழுவதையும் சென்சார் வாங்கிக்கொள்வதில்லை. ஒரு பங்கு அதன்மேல் பட்டுத் தெறித்து லென்ஸ் வழியாகவே வெளியே திரும்பி வருகிறது. அப்படி வருவதை, முன்னால் தட்டையாக உட்கார்ந்திருக்கும் ஃபில்டர் கண்ணாடி மறுபடி உள்ளே தள்ளுகிறது. போய் விழும் இடம் படத்தின் மையத்துக்கு நேர் எதிர்ப்புறம், தலைகீழாக. பூச்சு இல்லாத சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். பகலில் இது கண்ணில் படாது. கறுத்த வானம், நடுவே ஒற்றைப் பொறி என்றால் பட்டவர்த்தனமாகத் தெரியும். திருவண்ணாமலையில் வருஷத்துக்கு 11 நாள், 2,668 அடி உயரத்தில் இந்தப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகாட்டுகிறார்கள். கிரிவலப் பாதையில் ட்ரைபாடோடு நிற்பவர்களின் படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எத்தனை பேரிடம் இரண்டாவது தீபம் இருக்கிறது என்று தெரியும்.

இந்தக் கட்டுரை அந்த ஃபில்டருக்கு எதிரானது. ஃபில்டர் அதில் முதல் குற்றவாளி மட்டும்தான். எது தன் பொருளைக் கொல்லும் என்று தெரிந்துகொள்ளாமலே அதைக் காப்பாற்றக் கிளம்பும் நம் மொத்தக் கூட்டத்தையும்தான் திட்டப்போகிறேன். நானும் அதில் ஒருவன். என் வழக்கைப் பின்னால் சொல்கிறேன்.

*

யு.வி. ஃபில்டர் ஃபிலிம் காலத்துச் சாமான். ஃபிலிமுக்குப் புற ஊதாக் கதிர் உறைக்கும். மலைப்பிரதேசத்தில் எடுத்த படங்களில் தொலைவு நீலம் பாரித்து மங்கும், அதைத் தடுக்கப் போட்டார்கள். டிஜிட்டல் கேமராவில் சென்சாருக்கு முன்னாலேயே புற ஊதாவையும் அகச்சிவப்பையும் வெட்டுகிற ஒரு கண்ணாடி இருக்கிறது. ஆக, ஃபில்டருக்கு இருந்த ஒரே வேலையும் போய்விட்டது. வேலை போனவர்களை செக்யூரிட்டி ஆக்குவது நம் ஊர் வழக்கம் இல்லையா? ‘பாதுகாப்பு’ என்று காக்கிச் சட்டை மாட்டி லென்ஸ் வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

கடைக்காரரின் வாதம் எல்லோருக்கும் மனப்பாடம். “அறுபதாயிரம் ரூபா லென்ஸ் சார், அறுநூறு ரூபா கண்ணாடி காப்பாத்துது.” கேட்கும்போது எல்.ஐ.சி. பாலிசி மாதிரி ஒரு நிம்மதி வரும். எதிலிருந்து காப்பாற்றுகிறது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். லென்ஸின் முன்கண்ணாடி கனமானது, வளைவானது, நல்ல உலோக வளையத்துக்குள் பதிந்தது. ஃபில்டர் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தட்டைக் கண்ணாடி. முன்கண்ணாடிக்கு உறைக்கவே உறைக்காத ஒரு தட்டில் ஃபில்டர் நொறுங்கும். நொறுங்கிய சில்லுகள் எங்கே போகும்? உள்பக்கம் விழுந்து, காப்பாற்ற வேண்டிய கண்ணாடியையே கீறும். வளையம் நசுங்கிக்கொண்டால் கழற்றவும் வராது. அதை இடுக்கியால் திருகிய பாவிகள் என்னைத் தவிரவும் இருப்பீர்கள். உடைந்த ஃபில்டரைக் கையில் வைத்துக்கொண்டு “நல்லவேளை, இது உடைஞ்சது, லென்ஸ் தப்பிச்சது” என்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி: அது இல்லாவிட்டால் லென்ஸ் உடைந்திருக்கும் என்று எப்படித் தெரியும்? தாயத்து கட்டிய பிள்ளை காய்ச்சலிலிருந்து பிழைத்தது என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

லென்ஸ் செய்கிற கம்பெனியே ஃபில்டர் போடச் சொல்கிறதே என்பார்கள். சொல்கிறதுதான். ஃபில்டரையும் அதே கம்பெனி விற்கிறது.

நியாயமாக ஒத்துக்கொள்ள வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கடற்கரையில் உப்புத்தூறலில், புழுதிக்காற்றில், கல்யாண வீட்டில் மஞ்சள்பொடியும் கலர் பட்டாசும் நேராக முகத்தில் அடிக்கும் இடத்தில், தரமான பூச்சு கொண்ட ஃபில்டர் உபயோகம்தான். சில லென்ஸ்களுக்கு நீர் புகாத அடைப்பு முழுமையாகவே முன்னால் ஒரு ஃபில்டர் வேண்டும் என்று கேனன் எழுதியே கொடுத்திருக்கிறது. வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம், மழை நின்றதும் குடையை மடக்குவதைப் போல. மற்ற நேரத்துக்கு அடிபடாமல் காக்க அந்த லென்ஸோடு பெட்டியிலேயே ஒரு ஹுட் வந்திருக்குமே, அது எங்கே? பையில் திருப்பி மாட்டியபடியே கிடக்கும். கண்ணாடிக்கு முன்னால் எதையும் வைக்காமல், இடியைத் தான் வாங்கிக்கொண்டு, பக்கவாட்டு வெளிச்சத்தையும் மறைக்கிற சாமான் அது. ஆனால் மாட்டினால் பார்க்க மூடின மாதிரி இல்லை. நமக்குப் பொருள் மூடியிருந்தால்தான் திருப்தி. பாலிதீன் உறை போட்ட டிவி ரிமோட்டில் எண்களே தெரியாமல் பொத்தானை அமுக்கி வளர்ந்த தலைமுறை நாம்.

*

இரண்டாவது குற்றம் துடைப்பது. இது பக்தியோடு செய்யப்படுவதால் இன்னும் மோசம்.

லென்ஸ் மேல் தூசி விழுந்தால் படத்தில் தெரியுமா? கிட்டத்தட்டத் தெரியாது. முன்கண்ணாடியின் மேலிருக்கும் தூசி குவியத்துக்கு எங்கோ வெளியே இருக்கிறது. படத்தில் அது உருவமாக விழாது. பத்திருபது துகள் இருந்தால் வெளிச்சத்தில் அணுவளவு குறையும், அவ்வளவுதான். பேரில் கீறல் விழுந்த லென்ஸில் எடுத்த படத்தையும் புது லென்ஸில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால், எதிர்வெயிலில் எடுக்காத வரைக்கும், பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசம் சொல்ல வராது. ஆனால் தூசியைக் கண்டதும் நம் கை சட்டை நுனிக்குப் போய்விடுகிறது. மூக்குக்கண்ணாடியை வேட்டி முனையால் துடைத்த தாத்தாக்களின் பேரன்கள் அல்லவா!

இந்த ஊர்த் தூசி எதனால் ஆனது என்று யோசியுங்கள். பாறையும் குவாரி மண்ணும் செங்கம் சாலைப் புழுதியும். அதில் குவார்ட்ஸ் இருக்கிறது. கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7, கண்ணாடி ஐந்தரை, ஆறு. துணியை வைத்து அழுத்தித் தேய்ப்பவர் உப்புத்தாளால் தேய்க்கிறார் என்று அர்த்தம். அந்தக் கண்ணாடியின் மேல் இருக்கும் பூச்சின் கனமோ, ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான். கீறல் ஒரே நாளில் விழாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வெள்ளைத்துணியோடு உட்காரும் பத்து வருஷத்தில் விழும். அப்புறம் லென்ஸை விளக்குக்கு எதிரே பிடித்தால், கண்ணாடி முழுக்க வட்டவட்டமாக, ஒரு பெரிய சிலந்தி பொறுமையாக நெய்தது போல இருக்கும்.

பழைய சாமான் சேகரிப்பவர்களிடம் லைட்ஸ் கம்பெனியின் ‘ஸும்மார்’ பற்றிக் கேளுங்கள். 1933இல் வந்த 50 மி.மீ. லைக்கா லென்ஸ். முன்கண்ணாடி மிருதுவான வகை. இன்று கைக்குக் கிடைக்கும் ஸும்மார்களில் துடைப்புக் கீறல் இல்லாத ஒன்றைக் கண்டுபிடிப்பதே பெரிய வேட்டை. போரில் போனது, திருட்டில் போனது, கீழே விழுந்தது எல்லாம் இருக்கட்டும். இத்தனை லென்ஸ்களைச் சீரழித்தது அவற்றின் சொந்தக்காரர்களின் சுத்தம்தான்.

இதைவிட வேடிக்கையான வரலாறு ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில் பழைய லென்ஸ்களின் கண்ணாடி காலப்போக்கில் நீலமும் ஊதாவுமாக மங்கிப்போவதை எல்லோரும் கேடு என்றுதான் நினைத்தார்கள். இங்கிலாந்தில் யார்க் நகரின் குக் கம்பெனியில் லென்ஸ் வடிவமைத்துக்கொண்டிருந்த ஹரோல்ட் டென்னிஸ் டெய்லர், 1896 வாக்கில், அப்படி ‘கெட்டுப்போன’ லென்ஸ் புதுசைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்று கவனித்தார். அந்த மங்கலைச் செயற்கையாக உண்டாக்க ரசாயனங்களை வைத்து முயன்றும் பார்த்தார். அந்த யோசனைதான் பின்னால் சைஸ் கம்பெனியில் அலெக்சாண்டர் ஸ்மக்குலாவின் கையில் 1935இல் வெற்றிடப் பூச்சாக மாறியது. ராணுவ ரகசியமாகப் பொத்தி வைக்கிற அளவுக்கு அது மதிப்பு வாய்ந்ததாக இருந்தது. இன்று உங்கள் போன் கேமராவில் ஊதாவாக மினுங்குவதும் அதன் வாரிசுதான். டெய்லர் கண்டுகொள்வதற்கு முன்னால் எத்தனை கர்மசிரத்தையான ஆட்கள் தங்கள் லென்ஸில் படிந்த அந்த நீலத்தை அழுக்கு என்று நினைத்து மினுக்கித் தேய்த்திருப்பார்கள்! இன்றைக்கும் பழைய லென்ஸ் வாங்கி, “ஏதோ நீலமா படிஞ்சிருக்கு, போகவே மாட்டேங்குது” என்று பேஸ்ட் போட்டுத் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

திருவண்ணாமலைக்கு வடமேற்கே ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான். இந்த மாதிரிப் பெரிய ஆடிகளைப் பராமரிப்பவர்களிடம் நாம் பாடம் படிக்கலாம். ஆடியின் மேலுள்ள அலுமினியப் பூச்சு மயிரிழையில் பல நூறில் ஒரு பங்கு கனம். ராத்திரி முழுக்கத் திறந்த கூரைக்கடியில் கிடந்து தூசி வாங்கும். யாரும் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. ஒரு அளவு வரைக்கும் தூசியைப் பொறுத்துக்கொள்வார்கள், தொடாமல் ஊதுவார்கள், கழுவுவதை அளந்து செய்வார்கள், காலம் வந்தால் பழைய பூச்சை எடுத்துவிட்டு மறுபடி பூசுவார்கள். நட்சத்திரத்தைப் பார்க்கிறவருக்குத் தூசி பொறுக்கிறது. குழந்தைக்கு மொட்டை அடிப்பதைப் படம் எடுக்கிற நமக்குப் பொறுப்பதில்லை.

*

இனி என் வழக்கு.

தேரடித் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் பெரியவர் ஒருவர் நாற்பது வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ், சாவு. ஒரு நிக்கான் எஃப்.எம்.2, அதில் 50 மி.மீ. எஃப்/1.8 நிக்கார் லென்ஸ். கேமரா கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் தொங்கும். பை கிடையாது, உறை கிடையாது, ஃபில்டர் கிடையாது. ஹோமப் புகையில் நின்று எடுத்துவிட்டு வந்து அப்படியே ஆணியில் மாட்டுவார். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ரப்பர் பல்பு ஒன்று வைத்திருந்தார். அதை அமுக்கித் தூசியை ஊதிவிடுவார். துடைத்து நான் பார்த்ததேயில்லை. லென்ஸை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கும்.

கடையை மூடும்போது, 2019இல், அந்த லென்ஸை என் கையில் கொடுத்தார். “எடுத்துனு போ தம்பி. படம் எடு. சும்மா வச்சினு இருந்தா கெட்டுடும்.” அதை ஒரு பெரியவரின் உபசாரப் பேச்சாக எடுத்துக்கொண்டேன். அது தொழில்நுட்பக் குறிப்பு என்று புரிய இரண்டு மழைக்காலம் ஆனது.

நான் அதை வைத்துப் படம் எடுக்கவில்லை. மனசு வரவில்லை. அவர் கொடுத்தது, கீழே போட்டுவிட்டால்? நல்ல தோல் உறை ஒன்று வாங்கினேன். அதற்குள் லென்ஸ், உறையை ஜிப் கவரில், கவருக்குள் செருப்புப் பெட்டியிலிருந்து எடுத்த சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், மொத்தத்தையும் பீரோவின் லாக்கரில். லாக்கரில் வீட்டுக்கார அம்மாவின் பட்டுப்புடவைகளும் இருந்தன, புடவைகளுக்கு நடுவே அந்துருண்டையும் இருந்தது. மூன்று பூட்டுக்குள் வைத்த நிம்மதியோடு தூங்கினேன். ஊரடங்கு வந்தது, போனது. 2021 ஐப்பசி, கார்த்திகையில் வட தமிழ்நாடே ஊறிக் கிடந்தது ஞாபகம் இருக்கும். அது ஓய்ந்ததும் ஒருநாள் லாக்கரைத் திறந்து லென்ஸை ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். உள்ளே வெள்ளை நூல். ஓரத்திலிருந்து மையத்துக்கு, வேர் ஓடுவது போல.

பூஞ்சை கேட்பது நாலே நாலு: ஈரம், இருட்டு, அசையாத காற்று, தின்ன ஏதாவது கொஞ்சம். ஈரப்பதம் அறுபது, எழுபது சதவீதத்தைத் தாண்டினால் போதும். நான் நாலையும் தேடித்தேடி ஏற்பாடு செய்திருந்தேன். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதுவே சாப்பாடும்கூட. செருப்புப் பெட்டிச் சிலிக்கா ஜெல் என் கைக்கு வருவதற்கு முன்பே வயிறு முட்டக் குடித்து முடித்திருந்தது. அதற்குமேல் அது எதையும் உறிஞ்சாது. வெயில் ஏறினால் குடித்ததில் கொஞ்சத்தை அந்த ஜிப் கவருக்குள்ளேயே கக்கும். காற்றுப் புகாத கவர் ஈரம் வெளியே போகாமலும் பார்த்துக்கொண்டது. அந்துருண்டை ஆவியாகிக் கண்ணாடியில் திரும்பப் படியக்கூடியது. நாப்தலின், கற்பூர உருண்டைகளோடு கேமராவை வைக்காதே என்று நிக்கான் கையேடுகளிலேயே இருக்கிறது. கற்பூரம் மணக்கிற ஊரில் இருந்துகொண்டு அந்த வரியைப் படிக்காமல் விட்டிருக்கிறேன்.

ஸ்டுடியோ ஆணியில் இருந்தது என்ன? கதவு வழியே காற்று, பகல் முழுக்க வெளிச்சம், தினமும் நாலு தடவை ஃபோகஸ் வளையம் திரும்பும் அசைவு. அவர் அலட்சியமாக வைத்திருந்தார் என்று நான் நினைத்தது தவறு. கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் நாற்பது வருஷ அதிர்ஷ்டம் என் கைக்கு வந்து இரண்டே வருஷத்தில் தீர்ந்துபோனது தற்செயலாக எனக்குப் படவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. தெரிந்தவர் யாரிடமாவது கொண்டுபோயிருக்க வேண்டும். ஆனால் நான் இன்ஜினியர் ஆயிற்றே! ஒரு ராத்திரி முழுக்க வீடியோ பார்த்தேன். லென்ஸ் ஸ்பேனர் ஆர்டர் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பிரித்தேன். நூல் துடைத்ததும் போனது. போன இடத்தில் நூலின் தடம் அப்படியே கண்ணாடியில் பதிந்திருந்தது. பூஞ்சை விடுகிற அமிலம் பூச்சை அரித்திருந்தது. தடத்தையும் எடுத்துவிடலாம் என்று அழுத்தித் துடைத்தேன். பூச்சு ஒரு ரூபாய் நாணய அளவுக்கு நடுவில் காணாமல் போனது. இப்போது எதிர்வெயிலில் பிடித்தால் படம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி வெளுக்கிறது.

ஒரு தடவைகூட அதில் நான் படம் எடுத்திருக்கவில்லை.

*

இது கேமராக்காரர்களின் தனிப்பட்ட பைத்தியம் என்றால் இவ்வளவு கத்தியிருக்க மாட்டேன். எல்லோர் பாக்கெட்டிலும் இப்போது லென்ஸ் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் போன் கடையில் டெம்பர்டு கிளாஸோடு “கேமராவுக்கும் ஒண்ணு ஒட்டிடவா சார்?” என்று கேட்காமல் விடுவதில்லை. போன் கம்பெனி உறுதியான கண்ணாடி மூடி போட்டுத்தான் அனுப்புகிறது. அதன்மேல் பூச்சில்லாத ஐம்பது ரூபாய்க் கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டினால், தெருவிளக்கெல்லாம் வால் முளைத்துத் தெரியும். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் தூசி குடியேறும். பிய்க்கப் போனால் பசை தங்கும், அதைச் சுரண்டுவோம். பிறகு “இந்தப் போன்ல கேமரா சரியில்ல” என்போம்.

பைக்கில் போன் விழாமல் இருக்க ஹேண்டில்பாரில் மவுண்ட் போட்டுக் கிரிவலப் பாதையைச் சுற்றி வீடியோ போடும் தம்பிகளுக்கு ஒரு செய்தி: 2021இல் ஆப்பிள், சக்தி வாய்ந்த மோட்டார்சைக்கிள் எஞ்சினின் அதிர்வு போன் கேமராவுக்குள் படத்தை ஆடாமல் பிடிக்கும் நுண்ணிய அமைப்பைக் கெடுக்கலாம் என்று எச்சரித்தது. கீழே விழாமல் இறுக்கிப் பிடித்த பிடிதான் அதிர்வையும் முழுசாகக் கடத்துகிறது. என் துறையிலும் ஒன்று நடந்தது. தகவல் பாதுகாப்பு வகுப்பு முடிந்ததும் லேப்டாப் வெப்கேம் லென்ஸை மூட ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஸ்லைடர் பரிசாகக் கொடுத்தார்கள். அதை ஒட்டி லேப்டாப்பை மூடியதில் இரண்டு பேரின் திரை விரிந்தது. இப்படி நடக்கும் என்று 2020 ஜூலையிலேயே அதே ஆப்பிள் மேக்புக் விஷயத்தில் சொல்லியிருந்தது. மூடிக்கும் திரைக்கும் நடுவில் விட்டிருக்கும் இடைவெளி அவ்வளவு குறைவு.

மென்பொருளில் இதற்கு ஒரு சகோதரன் உண்டு. தவறு எதுவும் வெளியே தெரியாதபடி விழுங்கிவிடும் கோடு. ஆப் ஒருநாளும் விழாது, எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கணக்கெல்லாம் தப்பு. எழுதியவரைக் கேட்டால் சொல்வார், “பாதுகாப்புக்குத்தான் போட்டேன்.” அந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போதெல்லாம் யாருக்குப் பாதுகாப்பு என்று கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும் போட்டவரின் பயத்துக்குத்தான் அது பாதுகாப்பு. பொருள் அங்கே ஒரு சாக்கு.

வீட்டுக்கார அம்மா அந்த இரண்டாவது தீபத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்து பூஜையறையில் மாட்டிவிட்டார். லேமினேஷனும் இதே ஜாதிதான். சூட்டில் உருகிய பிளாஸ்டிக்கைப் படத்தின் உடம்போடு ஒட்டிவிட்டால், பின்னால் அது பழுத்தாலும் சுருங்கினாலும் பிரிக்க வழியில்லை. டிகிரி சர்டிபிகேட்டை லேமினேட் செய்துவிட்டு, வெளிநாட்டு வேலைக்கு அத்தாட்சி முத்திரை வாங்கப்போய்த் திரும்பிய என் காலேஜ் நண்பர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

அவரிடம் உண்மையைச் சொன்னேனா? சொன்னேன், நாலு நாள் கழித்து. ஃபில்டரைக் கழற்றி ஒரு படம், போட்டு ஒரு படம் எடுத்துக் காட்டினேன். தீபம் அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. இரண்டையும் மாற்றிமாற்றிப் பார்த்துவிட்டு, “அப்ப அந்தக் கண்ணாடிலதாம்பா விசேஷம் இருக்குது” என்றார். ஃபில்டர் கடைக்காரர்களுக்கு இதைவிடச் சிறந்த வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார்.

நான் வசிக்கும் இந்த இரண்டு கிலோமீட்டர் வட்டாரத்தில் படம் இல்லாத சுவர் கிடையாது. ஆட்டோவில், டீக்கடையில், ஜெர்மன் பேக்கரியில், எங்கும் ரமணர். 1946இல் வெல்லிங் எடுத்த அந்த மார்பளவுப் படத்தை உலகமே அறியும். சென்னையிலிருந்து வந்துவந்து எடுத்த டாக்டர் டி.என்.கிருஷ்ணசாமியின் படங்கள் இருக்கின்றன. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47க்கு ரமணர் மறைந்தபோது ஆன்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் தன் லைக்காவோடு இங்கேதான் இருந்தார். அந்தக் கடைசி நாட்களின் படங்களை அவர் எடுத்தார். சித்திரை வெயில், புழுதி, கூட்டம், கற்பூரப் புகை. அந்த லென்ஸ்களில் எத்தனை கீறல் இருந்தது, எத்தனை தூசி இருந்தது என்று இதுவரை ஒரு பக்தரும் கேட்டதில்லை, ஒரு விமர்சகரும் கேட்டதில்லை. ஆசிரம வாசலில் லென்ஸ் மூடியைக் கழற்றலாமா வேண்டாமா என்று மயிலைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் மயில் சுவர் தாண்டிப் போயிருக்கும்.

*

போன மாதம் பெரியவர் ஆளனுப்பினார். பேத்திக்குக் காதுகுத்து, “அந்த லென்ஸ்ல ரெண்டு படம் எடுத்துக் குடு தம்பி” என்று. இரண்டு நாள் தட்டிக்கழித்தேன். மூன்றாம் நாள் லென்ஸை எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் ரீசார்ஜ் நடக்கிறது. பின்கட்டில் அவர் வீடு.

ஈஸிசேரில் உட்கார்ந்தபடியே லென்ஸை வாங்கினார். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, அப்பர்ச்சரைத் திறந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“பொட்டில போட்டு வச்சியா?”

“ஆமாங்க ஐயா. பத்திரமா இருக்கட்டும்னு.”

“உம்.” திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். “தொடச்சியா?”

“தொடச்சேன்.”

அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. உள்ளே திரும்பி, காப்பி போடச் சொன்னார். காப்பி வரும்வரை ஃபோகஸ் வளையத்தை விரலால் முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே இருந்தார். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு என் கேமராவைக் கேட்டு வாங்கி, லென்ஸை அவரே மாட்டினார். கை நடுங்கினாலும் முதல் திருப்பிலேயே சரியாக விழுந்தது.

“ஜன்னலப் பாத்து எடுக்காத. வெயில முதுகுக்குப் பின்னால வச்சுக்கோ. கொழந்தைய இப்படித் திருப்பி உக்கார வைக்கச் சொல்றேன்.”

வாசலில் புது ஆணி ஒன்று அடித்திருந்தது. காதுகுத்து முடிகிற வரைக்கும் கேமராவை இடையிடையே அதில்தான் மாட்டி வைத்தேன்.